வேர் அழுகிய ஓர்கிட்டைத் தண்ணீரில் வைத்து மீட்பது: யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற முறை

கண்டி, பேராதனைப் பக்கத்து ஈரக்காற்றில் வளர்ந்த ஓர்கிட்டைப் பூவோடு வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வருகிறோம். பூ உதிர்ந்து சில மாதங்களில் இலை சுருங்கத் தொடங்கும். வெயில் ஒத்துவரவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். இலை இன்னும் சுருங்கும், நாமும் இன்னும் ஊற்றுவோம். கடைசியில் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வெயிலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாண்டா டெசலாட்டா என்கிற ஓர்கிட் இலங்கையின் வறண்ட வலயத்தில் மரக்கிளைகளில் தானாகவே வளர்கிறது. நம் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் சாடிக்குள் மூச்சடைப்புத்தான். கடையில் விற்கும் ஓர்கிட்டுகளில் அநேகமானவை மரத்தில் ஒட்டி வளரும் இனங்களின் வழிவந்தவை. அவற்றின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெள்ளை உறை ஒன்று உண்டு. மழை பெய்ததும் அது நீரைக் குடித்துப் பச்சையாகும். பிறகு காற்றில் காய்ந்து வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். அந்தக் காய்தல் நடக்காவிட்டால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது, அழுகிவிடும். சாடியில் நிரப்பியிருக்கும் தும்பு உக்கினாலும், பாசியை இறுக்கிக் கட்டினாலும் நடப்பது இதுதான்.

அப்படியானால் அழுகிய செடியைத் திரும்பவும் தண்ணீரிலேயே வைப்பதா? ஆம், ஆனால் முழுக வைப்பதில்லை. கண்ணாடிப் போத்தலில் சுத்தமான தண்ணீர், அதைத் தொடும் அளவுக்கு மட்டும் வேர், மிச்சம் காற்றில். குறித்த நேரத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு வேரைக் காயவிட வேண்டும். அழுகல் தொடங்கினால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். சாடியில் வைத்தால் தெரியாதது அதுதான்.

முதலில் வேரைப் பாருங்கள்

சாடியிலிருந்து வெளியே எடுக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். தண்ணீர் போதாத செடியும், வேர் அழுகித் தண்ணீர் உறிஞ்ச முடியாத செடியும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டுக்கும் இலை தோல் மாதிரி மெலிந்து சுருக்கம் விழும்.

செடியைச் சாடியோடு அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டால் ஒட்டியிருக்கும் தும்பும் பாசியும் இலகுவாகக் கழன்று வரும். வண்ணத்துப்பூச்சி போலப் பூக்கும் ஃபலனொப்சிஸ் என்றால் தண்டின் அடியில், வேர்களுக்கு நடுவே, சிறு கூடு போல இறுக்கிய பாசிக் கட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். நாற்றாக இருந்தபோது வைத்தது. பலருடைய செடியில் அழுகல் தொடங்குவது அந்த இடத்தில்தான். அதை முள்ளுக்கரண்டியின் நுனியால் மெல்ல மெல்லக் கிள்ளி எடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். வெளிச்சம் படாத வேர் மஞ்சளாக இருக்கும், தும்பின் சாயம் ஏறினால் மண்ணிறமாகவும் இருக்கும், இரண்டும் நல்ல வேராக இருக்கலாம். இறுக்கமாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. நசுங்கித் தண்ணீர் கசிந்தால், அல்லது வெளித்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் வந்தால், செத்துவிட்டது. பாதிக்கு மேல் நல்ல வேர் இருக்கிறதா? அப்படியென்றால் இந்தப் போத்தல் வேலையே தேவையில்லை. கெட்டதை வெட்டிவிட்டு, புதிய கரியும் பொச்சும் போட்டு வேறு சாடிக்கு மாற்றுங்கள், போதும்.

கைவிட வேண்டிய செடிகளும் உண்டு. ஃபலனொப்சிஸின் நடுக்குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அதன் வளர்முனை போய்விட்டது. அடியில் குட்டி ஒன்று வெடித்து வர ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். தண்டை வெட்டும்போது உள்ளே ஊதா நிற வளையம் தெரிந்தால் அது புசேரியம் என்ற பூஞ்சை. மற்றச் செடிகளுக்குப் பரவ முதல் அதை எரித்துவிடுவது நல்லது.

எந்த இனத்துக்கு இது பொருந்தும்

ஃபலனொப்சிஸுக்கு மிக நன்றாகப் பொருந்தும், இந்த வழிகாட்டியும் முக்கியமாக அதற்குத்தான். ஒன்சிடியமும் ஓரளவு ஒத்துழைக்கும். வாண்டாவுக்குப் போத்தலில் மணிக்கணக்காக நீர் வேண்டாம். உயரமான கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு, தினமும் அரை மணித்தியாலம் நீர் நிரப்பி வடித்துவிட்டாலே போதும். கட்லியா ஈரத்தில் கெடும் ரகம், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் அதிகம் காணக்கூடிய டென்ட்ரோபியத்துக்கு வேறு வழி சிறந்தது. இலை உதிர்ந்த பழைய தண்டு வாடாமல் பச்சையாக இருந்தால், அதை ஈரமான பாசியின் மேல் படுக்கப் போட்டு நிழலில் வையுங்கள். கணுக்களில் குட்டிச் செடி முளைக்கும். அந்தக் குட்டிக்கு இரண்டு மூன்று வேர் வந்தபின் அதைத் தனியே பிரித்து, விரும்பினால் சிறு போத்தலில் வேரை நீட்டிக்க விடலாம். தாய்ச்செடியின் தண்டை நேராகத் தண்ணீரில் வைத்தால் அழுகும்.

வெட்டுதல்

கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது திரும்பவும் அப்படிச் செய்ய வேண்டும். ஓர்கிட்டுக்கு வரும் முக்கிய வைரசு நோய்கள் பெரும்பாலும் வெட்டுக்கருவி வழியாகப் பரவுகின்றன, அவற்றுக்கு மருந்து கிடையாது.

செத்த வேர் எல்லாவற்றையும் நல்ல பகுதி தொடங்கும் இடம் வரை வெட்டுங்கள். மனம் இரங்கி விட்டுவைக்கும் ஒரு அழுகல் துண்டு போத்தல் தண்ணீர் முழுவதையும் கெடுக்கும். பூத்தண்டு இன்னும் நிற்கிறது என்றால் அதையும் அடியோடு வெட்டத்தான் வேண்டும், பூ இருந்தாலும்கூட. வேர் இல்லாத செடி தன் இலையில் உள்ள நீரைப் பூவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

தண்டில் பட்ட வெட்டுக்காயத்தில் கறுவாத் தூள் தொட்டு வைக்கலாம். அது ஈரத்தை இழுத்துக் காயத்தை உலர்த்தும். இதே காரணத்துக்காக அதை வேரில் தூவக்கூடாது. ஹைட்ரஜன் பெரொக்சைட்டை ஊற்றி நுரைக்க விடுகிற பழக்கமும் பரவியிருக்கிறது. நல்ல வேர் நுனியையும் அது சுட்டுவிடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

வெட்டியபின் ஓர் இரவு முழுவதும் விறாந்தையில், காற்றோட்டமான நிழலில், செடியை வெறுமனே கிடத்திவிடுங்கள். காயங்கள் காய வேண்டும். சோளகக் காற்று வீசும் காலமென்றால் ஓர் இரவுக்கு மேல் விடாதீர்கள்.

தண்ணீர்தான் யாழ்ப்பாணத்தில் பெரிய சிக்கல்

வேறு ஊருக்கு எழுதிய குறிப்புகள் இங்கே சறுக்கும் இடம் இது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்கு மட்டும் ஓடுவது. நமக்குக் கிடைப்பது சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கிய மழைநீர், அதைக் கிணற்றால் எடுக்கிறோம். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படலத்தைப் பார்த்தாலே அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று விளங்கும். கரையோரத்திலும் தீவகத்திலும் இதோடு உப்பும் சேர்கிறது. வெங்காயமும் புகையிலையும் செய்கிற வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீருக்குள் இறங்கியிருப்பதும் தெரிந்த விஷயம்.

நாம் குடிக்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் என்றாலும் ஓர்கிட் வேருக்கு அது கனம். போத்தலில் நீர் ஆவியாகிக் குறையக் குறைய உப்புச் செறிவு ஏறும். வேரின் வெள்ளை உறையில் சுண்ணாம்பு படியும், புதிய நுனி கருகும். மழைநீரும் காற்றும்தான் அந்த வேர் பழகிய சாப்பாடு.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீற்றர் ஒன்று இருந்தால் நல்லது. நூறை ஒட்டிக் காட்டும் தண்ணீர் அருமையானது. முந்நூறுக்கு மேல் காட்டினால் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். இங்குள்ள பல கிணறுகள் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும்.

கொதிக்க வைத்து ஆற்றினால் சரியாகாதா என்று கேட்பார்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் படிந்து குறையும், அது உண்மை. உப்பு குறையாது. நீர் வற்றுவதால் இன்னும் கூடத்தான் செய்யும். ஆகவே நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவர்களுக்கு அவசரத்துக்கு அது உதவும், சவர்க் கிணறு உள்ளவர்களுக்கு உதவாது.

சரி, எதை எடுப்பது? மழைநீர்தான் முதல் தெரிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் இரண்டு மழையைக் கூரை கழுவப்பட விட்டுவிட்டு, அதன்பின் பிடியுங்கள். ஒரு செடிக்கு வாரத்துக்கு ஒன்றரை லீற்றர் என்று வைத்தால், இருபது லீற்றர் கான் ஒன்று மூன்று மாதம் வரும். நான்கு கான் பிடித்து, இறுக மூடி, இருட்டில் வைத்தால் அடுத்த மழை வரை ஒரு செடிக்குக் கவலையில்லை. மழைநீர் இல்லாவிட்டால் உப்பு நீக்கி வடித்த ஆர்.ஓ. தண்ணீர். ஏசி வடிநீரும் உப்பில்லாததுதான், ஆனால் உள்ளே படிந்த அழுக்கும் செப்புக் குழாயின் கசிவும் அதில் வரலாம் என்பதால் மூன்றாம் இடம். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்புத் திட்டத்தின் குழாய்நீர் வருகிறவர்கள், மீற்றரில் பார்த்துவிட்டு, குளோரின் பறக்க ஓர் இரவு வாளியில் திறந்து வைத்தபின் பாவிக்கலாம்.

மழைநீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் கல்சியமும் மக்னீசியமும் அநேகமாக இருக்காது. வேர் வளரத் தொடங்கியபின் செடிக்கு இவை வேண்டும். அப்போது நம் கிணற்றுத் தண்ணீரே கைகொடுக்கும்: ஒன்பது பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு நல்ல கிணற்று நீர்.

போத்தலில் நிறுத்துதல்

ஹோர்லிக்ஸ் போத்தல், ஜாம் போத்தல், எதுவும் சரி. செடியின் இலைகள் வாயில் தாங்கி நிற்க வேண்டும், தண்டு உள்ளே தொங்க வேண்டும். வாய் அகலமென்றால் இரண்டு ஈர்க்குகளைக் குறுக்கே வைத்து அதன்மேல் இலைகளை அமர்த்தலாம். போத்தலைச் சுற்றி ஒரு கறுப்புத் தாளைச் சுருட்டி விடுங்கள், தண்ணீரில் பச்சைப்பாசி பிடிக்காது. பார்க்க வேண்டும் என்றால் தாளை உருவிப் பார்க்கலாம்.

நல்ல வேர் சில மிஞ்சியிருந்தால் அவற்றின் கீழ் மூன்றிலொரு பங்கு மட்டும் நனையட்டும். வேரே இல்லாவிட்டால் நீர்மட்டம் தண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். தண்டு நீரைத் தொடவே கூடாது. கீழிருந்து எழும் ஈரக்காற்றைத் தேடித்தான் புதிய வேர் வெடிக்கும்.

எவ்வளவு நேரம் நீரில், எவ்வளவு நேரம் காற்றில்

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இரண்டு நாள் நீர், ஐந்து நாள் காற்று. வாடைக்காற்று வீசும் மாரியில், கார்த்திகை முதல் தை வரை, இங்கேயும் அது சரியாக வரும். வைகாசியில் சோளகம் தொடங்கியபின் ஐந்து நாள் காயவிடுவது வேரில்லாத செடியைச் சருகாக்கிவிடும். அந்தக் காலத்தில் நான் சொல்வது இரவு முறை: மாலை ஆறு மணிக்கு நீர் விட்டு, காலை ஏழு மணிக்குக் கொட்டிவிடுவது. பங்குனி, சித்திரை வெக்கைக்கும் இதுதான்.

ஏன் இரவு? ஃபலனொப்சிஸ் இலைத்துளைகளைத் திறப்பது இரவில். பகல் வெக்கையில் அவற்றை மூடிவைத்து நீரைச் சேமிக்கும். நீர் இழக்கும் நேரத்தில் நீர் கிடைப்பது அதற்கு நல்லது. இரண்டாவது காரணம் வெப்பம். இருபது பாகை நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும், முப்பது பாகையில் 7.5 தான். நம் பகல்நேரப் போத்தல் முப்பதைத் தாண்டிவிடும். சூடேறிய நீரில் வேர் சீக்கிரம் அழுகும்.

நுளம்பு

இதை விட்டுவிட்டு எழுதுகிற வழிகாட்டி யாழ்ப்பாணத்துக்கு உதவாது. மாரியில் டெங்கு ஏறும் ஊரில், விறாந்தையில் தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைக்கிறோம். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க நம் வெக்கையில் ஏழு, எட்டு நாள் போதும். இரவு முறையிலும் இரண்டு நாள் முறையிலும் குடம்பி வளர நேரமில்லை. ஆனால் ஏடிஸ் நுளம்பு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே போத்தல் சுவரில். அந்த முட்டை மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் நனைந்ததும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை போத்தலின் உட்புறத்தைத் தூரிகையால் உரசிக் கழுவுங்கள், வாயைச் சுற்றி நுளம்புவலைத் துண்டொன்றைக் கட்டுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் ஓர்கிட் ஆர்வலருக்கென்று விலக்கு எதுவும் வைத்திருக்கவில்லை.

வெளிச்சமும் உணவும்

நேர்வெயில் வேண்டாம், பத்திரிகை வாசிக்கக்கூடிய நல்ல வெளிச்சம் வேண்டும். காலை வெயில் மட்டும் லேசாகப் படும் கிழக்கு விறாந்தை சிறந்தது. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நம்பி வைக்காதீர்கள். சித்திரை நடுவிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அந்தப் பக்கத்து இலைதான் அப்போது கருகும். ஒரு கிடுகைச் சாத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது.

வேர் வரும்வரை உரம் கிடையாது. உறிஞ்ச வேரில்லாத செடிக்கு உரம் கொடுத்தால் நீரை உப்பாக்குவதுதான் மிச்சம். புதிய வேர் ஒரு விரற்கடை நீண்டபின், மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு இங்கே விற்கும் அல்பேர்ட் கரைசல் உரத்தை, மரக்கறிக்குப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால்வாசியாகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். யூரியா வேண்டாம். அதை உடைத்துக் கொடுக்கிற நுண்ணுயிர்கள் சுத்தமான போத்தல் நீரில் போதிய அளவு இல்லை. அரிசி கழுவின தண்ணீர், வாழைத்தோல் ஊறல், உள்ளித் தண்ணீர் எல்லாம் போத்தலுக்குள் புளித்து நாறும். முற்றத்துச் செடிக்கு ஊற்றுங்கள், இதற்கு வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில்

கிழமைகள் போகும், சில செடிக்கு மாதங்களும் போகும். அடியிலை ஒன்று மஞ்சளாகி விழுந்தால் பதறாதீர்கள். செடி அதிலிருந்து நீரையும் சத்தையும் மேலே எடுத்துக்கொள்கிறது. தானாகக் காயும்வரை அதைப் பிய்க்காதீர்கள். நடு இலை சுருங்குவதும் கறுப்பதும்தான் ஆபத்து. ஏற்கெனவே சுருக்கம் விழுந்த பழைய இலை முழுமையாக நிமிராமலே போகலாம், அதை வைத்துச் செடியை எடைபோட வேண்டாம். புதிய இலை எப்படி வருகிறது என்று பாருங்கள்.

தண்டில் பச்சையாகவோ செம்பச்சையாகவோ ஒரு முனை முட்டிக்கொண்டு வருவதுதான் எதிர்பார்த்த செய்தி. அது நீரைத் தேடி இறங்கும். அந்த முனையை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், மிக எளிதில் ஒடியும். தண்ணீர் கலங்கினாலோ, வேர் வழவழத்தாலோ, அழுகல் மணம் வந்தாலோ, உடனே எடுத்துக் கழுவி, கெட்டதை வெட்டி, ஒரு நாள் உலரவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். சாடியில் வளர்ந்த பழைய வேர்களில் சில இந்த மாற்றத்தைத் தாங்காமல் சாகும். நீருக்குள்ளேயே பிறந்த வேர் அதற்குப் பழகியதாக இருக்கும்.

திரும்பச் சாடிக்கு

மூன்று நான்கு வேர் விரல்நீளம் வந்ததும் மாற்றலாம். நீரில் பிறந்த வேருக்குக் காற்று புதிது, சில கருகும் என்பதால் மிக நீளும்வரை காத்திருப்பது நல்லதல்ல. ஐப்பசியில் மாற்றினால் காற்றின் ஈரம் துணை நிற்கும். ஆனால் மழை நேரே குருத்தில் விழாத கூரையடியில் வையுங்கள்.

பக்கமெல்லாம் துளையுள்ள சாடி, அதில் பெரும்பங்கு கட்டைக்கரி, கொஞ்சம் ஓட்டுத் துண்டு, கொஞ்சம் பொச்சுத் துண்டு. பொச்சை மூன்று நான்கு நாள் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றிச் சாயத்தையும் உப்பையும் இறக்கியபின்னரே போட வேண்டும். முதல் மூன்று வாரம் சாடியைத் தினமும் நனையுங்கள், பிறகு இடைவெளியை மெல்லக் கூட்டுங்கள். போத்தலிலேயே தொடர்ந்து வளர்க்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நடக்கும், பூக்கவும் செய்யும், ஆனால் வெளியூர் போகும்போது நீர் மாற்ற ஆள் வேண்டும். வாண்டாவை மட்டும் சாடிக்குள் போகவிடாதீர்கள். மாமரத்துக் கிழக்குக் கிளையில் சணல் கயிற்றால் கட்டிவிட்டு, காலையும் மாலையும் ஒரு தெளிப்பு.